நோயற்ற காதில் மட்டும்

பூனையின் காதுக்குள் கோப்பித் தூள் போய்விட்டது என்றுதான் அலியார் முதலில் நினைத்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு வீட்டு முன்பக்கத்தில் அரவை ஆலை. மிளகாய்க்கு ஒன்று, மல்லிக்கு ஒன்று, கோப்பிக்கு ஒன்று என்று மூன்று மெசின், ஒரு தராசு, மிச்சமெல்லாம் தூசு. பூனை படுப்பது கோப்பி மெசினுக்கு அடியில், அங்கேதான் சூடு. அதன் இடக் காதுக்குள் கறுப்பாய், பொருபொருவென்று ஏதோ ஒட்டிக் கிடந்தால் கோப்பி அரைக்கிற மனிதனுக்கு வேறு என்ன தோன்றும்? கட்டியிருந்த சாரன் நுனியை நனைத்துத் துடைத்துவிட்டார். மறுநாளும் இருந்தது, மறுநாளும் துடைத்தார். மெசினுக்கு அடியில் படுக்காதே என்று பூனைக்குப் புத்தி சொல்லிச் சொல்லியே மூன்று கிழமை, இருபத்தொரு நாள் துடைத்தார்.

அந்த மூன்று கிழமையை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு அடைக்கும். இந்தக் கதையில் பெரிய பிழை விட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் நெஞ்சு அடைக்கவில்லை, அலியாருக்கு மட்டும்தான் அடைத்தது.

பூனையின் பெயர் மிஸ்கீன். வைத்தவள் மகள் முஸ்பிறா. ஒரு மாரி மழையில் வடிகானுக்குள் கிடந்து கத்திய குட்டியைத் தூக்கி வந்து, "பாவம் வாப்பா, மிஸ்கீன்" என்றாள். ஏழை எளியதுகளுக்கு அங்கே சொல்கிற சொல் அது, அதுவே பெயராக நின்றுவிட்டது. உம்மா மௌத்தாகி, அவள் இல்லாத வீடு. மகளும் வாப்பாவும் பூனையும்தான். பிறகு மகள் கத்தாருக்கு, ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போனாள். ஒப்பந்தம் இரண்டு வருசம். வெள்ளிக்கிழமைகளில் அரை மணித்தியாலம் போன் கையில் கிடைக்கும். ஜும்மா முடிந்து அலியார் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள் வீடியோ கோல் வந்துவிடும். வாப்பா சாப்பிட்டாரா என்பது முதல் கேள்வி. மிஸ்கீன் எங்கே என்பது இரண்டாவது.

அவள், "மிஸ்கீன், மனே, வா" என்று, பிள்ளையைக் கொஞ்சுகிற சொல்லால் கூப்பிடுவாள். கூரையில் இருந்தாலும் மெசினுக்கு அடியில் இருந்தாலும் அது ஓடி வரும். வந்து போனின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் அவளைத் தேடும். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அலியார் மற்ற ஆறு நாளும் மிளகாய் அரைத்தார் என்று சொன்னால் மிகையில்லை. ஒரு நாள் அவள் சிரித்து முடித்துவிட்டு, "இஞ்ச எல்லாரும் என்னத்தான் கூப்பிடுற வாப்பா. நான் கூப்பிட்டா வாற ஒண்டு அது மட்டும்தான்" என்றாள். அதற்குப் பிறகு அலியார் அந்தப் பூனையை வெறும் பூனையாகப் பார்க்கவில்லை.

நாலாவது கிழமை மிஸ்கீன் காதைச் சொறியத் தொடங்கியது. பின்னங்காலால் சொறிந்து சொறிந்து காதடியில் மயிர் போய் இரத்தம் கசிந்தது. நின்ற நிலையில் தலையை உதறும், காதுகள் படபடவென்று அடிக்கும். அந்த வெள்ளிக்கிழமை முஸ்பிறா கூப்பிட்டபோது அது எழும்பியது, ஆனால் போன் இருந்த பக்கம் வராமல் கதவுப் பக்கம் போய் நின்று பார்த்தது. முஸ்பிறா அதைக் கவனிக்கவில்லை. அலியார் கவனித்தார். இது கோப்பித் தூள் இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது.

மனிசருக்கு மருந்து விற்கிற பாமசியில் கேட்டார். மிருக வைத்தியரின் கடிதம் இருந்தால் தருவிக்கலாம் என்றார்கள். மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகிற தனியார் மிருக வைத்தியர் லண்டனுக்குப் போய் ஆறு மாதம் என்றார்கள். மிச்சம் இருந்தது கரையோரக் கால்நடை நலப் பணிமனை. அது எந்த ஊரில் இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. கிழக்கிலங்கைக் கரையில் பெரியநீலாவணைக்கும் ஒலுவிலுக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சொன்னால், எங்கள் ஊரை மட்டும் ஏன் சொன்னாய், பக்கத்து ஊரில் மட்டும் என்ன வாழுகிறதாம் என்று சண்டைக்கு வருவார்கள்.

அலியார் திங்கட்கிழமை ஆலையைப் பூட்டிவிட்டு, சந்தைக்குக் கொண்டு போகிற, பன் புல்லில் இழைத்த பையில் மிஸ்கீனை வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, அங்கே போனார். றப்பர் முத்திரையைக் கண்டால் எழும்பி நிற்கிற பழைய மனிதர் அவர். அரசாங்கக் கட்டடத்துக்குள் போனால் காரியம் நடக்கும் என்று உண்மையாகவே நம்பினார்.

வாசலில் ஒரு பெரிய பதாகை: 'மக்களின் குரலைக் கேட்கும் பணிமனை'. உள்ளே, முஸ்தாக் என்ற எழுதுவினைஞர். அலியாரை அவனுக்குத் தெரியும், அவன் வீட்டு மல்லி அரைபடுவது அங்கேதான். மரியாதையாக இருக்கச் சொல்லி, நாலு பக்கப் படிவம் ஒன்றை எடுத்தான். அதில் பசு, எருமை, ஆடு, கோழி என்ற நாலு இனமே இருந்தன. பூனைக்கு இடம் இல்லை. முஸ்தாக் பூனையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஆடுதான் கிட்ட வருகிறது என்று ஆட்டுக்குச் சரி போட்டான். உழவுக்குப் பயன்படுமா என்பது அடுத்த கேள்வி. எலி பிடிக்கும் என்றார் அலியார். விவசாயத் துணைப்பணி என்று எழுதினான். நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் பால் என்று கேட்டான். பால் தராது தம்பி, குடிக்கும் என்றார். எவ்வளவு குடிக்கும் என்று கேட்டு, 'கழித்தல் கால் லீற்றர்' என்று பதிந்தான். இறைச்சிக்காக வளர்க்கப்படுகிறதா என்ற கேள்விக்கு அலியார் "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். முஸ்தாக் அதையும் அப்படியே எழுதிக்கொண்டான்.

ஒன்பதாவது கேள்வியில் பேனை நின்றது. காதடையாள இலக்கம்.

மாடுகளின் காதில் மஞ்சள் நிறத்தில் இலக்கம் எழுதிய பிளாஸ்திக்குப் பட்டி தொங்குமே, அதுதான். அந்த இலக்கம் இருக்கிற பிராணிக்குத்தான் பணிமனை மருந்து கொடுக்கும். கள்ள மாடு விற்கிறவர்களைப் பிடிக்க யாரோ ஒரு நல்ல மனிதர் செய்த ஏற்பாடு. இலக்கம் இல்லாத பிராணி பணிமனையின் கண்ணுக்கு இல்லாத பிராணி. முஸ்தாக் தலையைச் சொறிந்தான். பூனையும் தலையைச் சொறிந்தது. இருவரையும் கூட்டிக்கொண்டு அலியார் பொறுப்பதிகாரியின் அறைக்குள் போனார்.

பொறுப்பதிகாரி தங்கரத்தினம் மிருக வைத்தியர் அல்ல. வைத்தியர் பதவி நாலு வருசமாக வெற்றிடம். அவர் நிருவாக உத்தியோகத்தர், வைத்தியருக்குப் பதில் கடமை பார்க்கிறார். கெட்ட மனிதர் என்றும் சொல்ல முடியாது. அலியாருக்குப் பிளேன்ரீ எடுப்பித்தார். பூனையைப் பார்க்காமல் சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தார். நாலாம் பந்தி, காதடையாளம் இல்லாத பிராணிக்குச் சிகிச்சை இல்லை என்றது. சரி, இப்பவே ஒரு பட்டியைப் போட்டுவிடலாமே என்றார் அலியார். தங்கரத்தினம் பதினோராம் பந்தியைக் காட்டினார். காதடையாளப் பட்டி நோயற்ற காதில் மட்டுமே இடப்படல் வேண்டும்.

அலியார் அதை இரண்டு தரம் வாசித்தார். காதுக்கு மருந்து வேண்டுமென்றால் காதில் பட்டி வேண்டும், காதில் பட்டி வேண்டுமென்றால் காதில் நோய் இருக்கக் கூடாது. காதில் நோய் இல்லாத பூனையை நான் ஏன் இங்கே கொண்டு வரப்போகிறேன் என்று மனதுக்குள் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வலக் காது நல்லாத்தானே இரிக்கி சேர்" என்றார்.

இப்படி ஒரு யோசனை அந்தக் கட்டடத்துக்குள் எழுந்து கனகாலம். வலக் காதுக்குப் போடுகிற இலக்கம் இடக் காதின் நோய்க்குச் செல்லுமா என்று முக்கால் மணித்தியாலம் ஆராய்ந்தார்கள். செல்லும் என்று முடிவாகி, முஸ்தாக் பட்டிப் பெட்டியைக் கொண்டு வந்தான். மாட்டுப் பட்டி மிஸ்கீனின் முழுக் காதை விடப் பெரிதாக இருந்தது. அதைக் குத்தினால் பூனைக்குத் தலை நிமிராது. சிறிய பட்டிக்குத் தலைமைப் பணிமனைக்கு எழுத வேண்டும், இரண்டு கிழமை சுணங்கும் என்றார்கள். அலியார் நன்றி சொன்னார். திரும்பும்போதுதான் கவனித்தார், தங்கரத்தினத்தின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரி. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு குப்பி தனியாக நின்றது.

முற்றத்தில் குணம் மறித்தான். குணம் அங்கே மாடு பிடிக்கிற தொழிலாளி. இருபத்தெட்டு வருசம் மாடு பிடித்ததில், வந்து போன வைத்தியர்கள் எல்லாரையும் விடக் கூடப் படித்தவன். ஆனால் நோயைப் பற்றி வாய் திறக்க அவனுக்கு அதிகாரம் இல்லை, முன்பொருமுறை திறந்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை வாங்கியவன். பூனையின் காதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பஞ்சால் அந்தக் கறுப்புத் தூளைக் கொஞ்சம் எடுத்தான். வராந்தா மேசையில் கிடந்த வரவுப் பதிவேட்டின் கறுத்த மட்டையில் அதைத் தட்டி, வெயிலில் பிடித்தான்.

"கிட்ட வந்து பாருங்க காக்கா" என்றான். அண்ணன்மாருக்கு அங்கே காக்கா என்பது மரியாதை.

மட்டையில் கடுகின் கால் பங்கு அளவில் வெள்ளைப் புள்ளிகள். அவை மெல்ல நடந்தன. அன்று காலை அந்தப் பணிமனையில் ஏதாவது அசைந்தது என்றால் அவை மட்டும்தான்.

"உண்ணி. காதுக்குள்ள இரிக்கிற சாதி. இந்தத் தூள் அதுகள்ற கழிவும் காதுக் குறும்பியும். தேங்கெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, காதடியத் தடவி ஊறவிட்டு, வெளிய வாறத மட்டும் பஞ்சால துடைங்க. குச்சி விட்டிராதீங்க. அதால கொஞ்சம் ஆறும், ஒழியாது. ஒழிக்கிறதுக்கு மருந்து பிடரியில ஒரு துளி. மறுகா ஒரு மாசத்தால இன்னொரு துளி. அவ்வளவுதான் காக்கா. சுணங்கினா மற்றக் காதுக்கும் போகும். உள்ள சீழ் வச்சா செவிப்பறை போயிரும்."

மருந்து எங்கே கிடைக்கும் என்று அலியார் கேட்டார். குணம் பொறுப்பதிகாரியின் சன்னலைப் பார்த்தான். அந்த ஒரு குப்பிதான், சாவி அவரிடம், ஒரு துளி எடுத்தாலும் இலக்கம் எழுத வேண்டும் என்றான். கண்டியில் பண்ணையில் வேலை செய்கிற தன் மச்சானிடம் சொல்லி வைப்பதாகவும், அவன் லீவில் வரும்போது கொண்டு வருவான் என்றும் சொன்னான்.

சிறிய பட்டி பதினாறு நாளில் வந்தது. அதற்குள் உண்ணி வலக் காதுக்கும் போயிருந்தது. தங்கரத்தினம் உண்மையாகவே கவலைப்பட்டார். நோயற்ற காது ஒன்றுகூட இல்லாத பிராணியைப் பற்றிச் சுற்றறிக்கை ஒன்றும் சொல்லவில்லை என்றார். விசேட அனுமதி எடுக்கலாம், ஆனால் அதற்கு நோய் உண்டென்று ஆய்வுகூட அறிக்கை வேண்டும். முஸ்தாக் காதுத் தூளைச் சிறு பொலித்தீன் பையில் போட்டு, காதுத் தூளுக்கென்று குறியீடு இல்லாததால் 'கறுப்புத் தூள்' என்று எழுதி, அனுப்புநர் என்ற இடத்தில் 'அலியார், அரவை ஆலை உரிமையாளர்' என்று எழுதி அனுப்பினான்.

பன்னிரண்டாம் நாள் அறிக்கை வந்தது. ஆனால் பணிமனைக்கு வரவில்லை. உணவுப் பரிசோதகர் ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலைக்கு வந்தார். 'மாதிரியில் உயிருள்ள பூச்சிகள் காணப்படுவதால் மேற்படி கோப்பி மனித பாவனைக்கு உகந்ததல்ல' என்று அதில் இருந்தது. அது கோப்பி இல்லை, பூனையின் காதில் எடுத்தது என்று அலியார் விளக்கினார். பூனையின் காதில் எடுத்ததைக் கோப்பி என்று விற்றதாக வாக்குமூலம் எழுதட்டுமா என்று பரிசோதகர் கேட்டார். கோப்பி மெசினுக்குச் சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டுப் போனார். மேன்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கிறது என்று ஆறுதலும் சொன்னார்.

மெசின் ஓடாததால் அதன் அடியில் சூடு இல்லை. மிஸ்கீன் பழக்கத்தில் அங்கேயே படுத்தது. காதிலிருந்து இப்போது நாற்றம் வந்தது. தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு, போக நினைத்த இடத்துக்குப் போகாமல் வட்டமாய்ச் சுற்றியது. அலியார் எண்ணெயும் பஞ்சுமாய் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். தொட்டால் கத்தியது. பிறகு கத்துவதையும் விட்டுவிட்டது. அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமைகள் வந்தபடி இருந்தன. பூனை நித்திரை என்றார். அடுத்த கிழமை வெளியில் போய்விட்டது என்றார். அடுத்தது அயலில் ஒரு பெட்டைப் பூனை என்றார், சொல்லிவிட்டு மகளிடம் அப்படிச் சொன்னதற்கு வெட்கப்பட்டார். போனை மேலே தூக்கி, தன் முகமும் கூரையும் மட்டும் தெரியப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது வெள்ளிக்கிழமை அவள் குரல் அடங்கிப் போய், "அது மௌத்தாப் போயிட்டா வாப்பா? மறைக்காமச் சொல்லுங்க" என்றாள். அல்லாஹ் மேல் ஆணையாக உயிரோடு இருக்கிறது என்றார். வாற கிழமை கட்டாயம் காட்ட வேண்டும் என்று கேட்டாள். கிட்ட வரவேண்டும் என்றுகூட இல்லை, கூப்பிட்டதும் தலையைத் திருப்பி, கிறுகிப் பார்த்தால் போதும் என்றாள்.

அந்த மறு செவ்வாய்க்கிழமை பணிமனையில் விழா. 'செல்லப் பிராணிகள் செவி நல வாரம்' என்று கொழும்பிலிருந்து கட்டளை வந்திருந்தது. பந்தல், மாலை, குத்துவிளக்கு, தேசிய கீதம், வரவேற்பு நடனம். உண்ணியை நடனத்தில் காட்ட ஆறு பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புப் போட்டிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் 'மருந்திடல் – செய்முறை' என்று இருந்ததால் அலியார் மிஸ்கீனைப் பன் பையில் வைத்துக்கொண்டு முதலாவது ஆளாய் வந்து கதிரை பிடித்தார். அந்தச் செய்முறைக்கு ஒரு பூனை தேவைப்படும், இங்கே தன்னிடம் ஒன்று இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். கணக்குப் பிழையில்லை, ஊர்தான் பிழை.

தங்கரத்தினம் பேசினார். "இந்த வருடம் எமது பிரதேசத்தில் காது நோய் என்று ஒரு பிராணிகூடப் பதிவாகவில்லை என்பதைப் பெருமையுடன் அறியத்தருகின்றேன். இது தானாக நடந்ததல்ல. ஒரு பதிவுகூட வந்துவிடாதபடி எமது ஊழியர்கள் அல்லும் பகலும் உழைத்திருக்கின்றார்கள். எங்களிடம் இருக்கின்ற மருந்தையும் ஒரு துளி சிந்தாமல், ஒரு துளி செலவழிக்காமல், வந்தது வந்தபடியே பாதுகாத்து வந்திருக்கின்றோம். மக்களின் குரலைக் கேட்பதற்கு நாங்கள் எப்போதும் ஆயத்தம். அதற்கான படிவம் வாசலில் உண்டு." கை தட்டினார்கள். அலியாரும் தட்டினார், பக்கத்தில் எல்லாரும் தட்டியதால்.

பிறகு கண்ணாடி அலுமாரியின் குப்பியைத் தட்டத்தில் வைத்து, பட்டுத் துணி மூடிக் கொண்டு வந்தார்கள். கூடவே வெள்ளை வெளேரென்று ஒரு கொழுத்த பூனை, தங்கரத்தினத்தின் வீட்டுப் பூனை. அதன் காதில் மஞ்சள் நிறத்தில் குட்டிப் பட்டி, இலக்கம் ஒன்று. மிஸ்கீனுக்கென்று எடுப்பித்த பட்டி. நோயற்ற காது இருந்ததால் சுற்றறிக்கைக்கு எள்ளளவும் பிசகாமல் அதற்குப் போட்டிருந்தார்கள். அதன் பிடரியைப் பிரித்து ஒரு துளி விட்டார்கள். படம் எடுத்தவர் சரியாக விழவில்லை என்று கையைக் காட்டினார், இன்னொரு துளி விட்டார்கள். பத்திரிகைக்காரருக்கு ஒன்று, பிரதம அதிதியின் கையால் ஒன்று. குப்பி காலியானது.

அலியார் எழும்பி நின்றார். பன் பையைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே மிஸ்கீன் தலையை உதற, காதுகள் பையில் அடிபடும் சத்தம் முன்வரிசைக்கு நன்றாகக் கேட்டது.

"சேர், அந்தக் குப்பிக்குள்ள ஒட்டியிரிக்கிறதயாவது தாங்க" என்றார்.

தங்கரத்தினம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அலியாரின் தோளில் கை போட்டு, தணிந்த குரலில், மிக அன்பாகக் கதைத்தார். "காக்கா, இது நோய்த் தடுப்பு விழா. நோய் உள்ள பிராணிய நீங்க இஞ்ச கொண்டு வந்தா அது நல்லாயிருக்குமா, சொல்லுங்க?"

முஸ்தாக் அவரை வாசல் வரை கொண்டு வந்து விட்டான். விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த பற்றிஸ் சிற்றுண்டிப் பெட்டியில் ஒன்றை அவர் கையிலும் வைத்தான். அலியார் கடற்கரை வழியே வீட்டுக்கு நடந்தார். அழுதுகொண்டு நடக்கிற வயது போன ஆம்பிளையைப் பார்த்து, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். பூனைக்குக் காதில் நோய் என்று சொல்ல வெட்கப்பட்டு, பன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடையைக் கூட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் குணம் சைக்கிளில் வந்தான். சட்டைப் பையில் குப்பி. அந்தச் செவ்வாய் இரவுதான் மச்சான் லீவில் வந்திருந்தான். பிடரி மயிரைப் பிரித்து ஒரு துளி விட்டான். சீழுக்கென்று கொண்டு வந்த வேறு மருந்தையும் கொடுத்தான். ஒரு வைத்தியருக்குரிய பொறுமையோடு இரண்டு காதையும் வெளியால் துடைத்தான். வேலை முடிய அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. ஒன்பது கிழமை அலைந்த காரியம்.

இப்போது எழும்பிப் போகவேண்டிய குணம் போகாமல் இருந்தான். பிறகு மூலையில் கிடந்த ஈயத் தட்டத்தை எடுத்து, மிஸ்கீனுக்குப் பின்னால், அது காணாதபடி, நிலம் அதிராதபடி தூக்கிப் பிடித்து, இன்னொரு தட்டத்தால் ஓங்கி அடித்தான். சந்தைக்குப் போன இரண்டு பெண்கள் திடுக்கிட்டு வாசலை எட்டிப் பார்த்தார்கள். மிஸ்கீன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. இன்னொருமுறை அடித்தான். அது மற்றக் காலை நக்கத் தொடங்கியது.

"சொறி நிண்டுரும் காக்கா, நோவும் போயிரும். நல்லாத் தின்னும், நல்லா வாழும்" என்றான் குணம். தட்டத்தை இருந்த இடத்திலேயே பக்குவமாக வைத்தான். இருபத்தெட்டு வருசம் மாடு பிடித்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் புறப்படும்போது தபால்காரர் ஒரு கடிதம் கொடுத்தார். பணிமனைக் கடிதம். 'தங்களது ஆடு (பூனை வகை) சம்பந்தமாக. மேற்படி பிராணியின் காதுகளில் நோய் உண்டென்பதற்கு ஆய்வுகூட அறிக்கை எதுவும் இப்பணிமனைக்குக் கிடைக்கப்பெறாமையால், அதன் இரு காதுகளும் நோயற்றவை எனக் கருதப்பட்டு, இவ்விடயக் கோவை மூடப்படுகின்றது. எனவே தாங்கள் தற்போது காதடையாளப் பட்டி இடுவதற்குத் தகைமை பெற்றுள்ளீர்கள்.' கூடவே ஒரு மஞ்சள் பட்டி. இலக்கம் இரண்டு. அலியார் அதைக் கிழிக்கவில்லை, எறியவுமில்லை. முத்திரை இருந்தபடியால் மடித்து அலுமாரிக்குள் வைத்தார். பழகின பழக்கம் அப்படி.

தொழுகையில் என்ன ஓதினார் என்று அவருக்கே நினைவில்லை. வீட்டுக்கு வந்து, மிஸ்கீனைத் தூக்கி வந்து மேசையில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். போனைத் தராசுக் கல்லில் சாய்த்து வைத்தார். பூனையின் முகமும் தன் முகமும் தெரிய, பின்னால் தன் வலக் கை தெரியாமல் இருக்க, இரண்டு மூன்று தரம் இடத்தை மாற்றிப் பார்த்தார். போன் அடித்தது.

முஸ்பிறாவின் முகம் வந்தது. இந்தத் தடவை வாப்பா சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை. பூனையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். மெலிந்து போயிருக்கிறது, அதன் காதடியில் மயிர் இல்லையே என்றாள். சண்டை பிடித்தது, மருந்து போட்டாச்சு என்றார் அலியார். அதில் பாதியாவது உண்மை.

"மிஸ்கீன்" என்று கூப்பிட்டாள். "மனே."

பூனை சன்னல் வெளிச்சத்தில் கண்ணை மூடி இருந்தது. போனில் அவள் முகத்தில் சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று நின்றது. அலியார் பின்னால் இருந்த கையின் நடுவிரலால் மிஸ்கீனின் பிடரியைத் தொட்டார். ஒன்பது கிழமைக்கு முன்பே ஒரு துளி விழுந்திருக்க வேண்டிய அந்த இடத்தை, மெதுவாக, போன் இருந்த பக்கமாகத் தள்ளினார். மிஸ்கீன் கிறுகிப் பார்த்தது. நேரே அவளைப் பார்த்தது.

"அல்லாஹ்வே" என்றாள் முஸ்பிறா. அவள் சிரித்தாள். அதே சிரிப்பு. "என்ட குரலக் கேட்டிட்டு பாத்தீங்களா வாப்பா? மறக்கல்ல அது. இன்னொருக்காக் கூப்பிடட்டா?"

கூப்பிடு மனே என்றார். அவள் கூப்பிட்டாள், அவர் தொட்டார், அது பார்த்தது. அரை மணித்தியாலத்தில் எத்தனை தரம் என்று அவர் எண்ணவில்லை. இனி எத்தனை வெள்ளிக்கிழமை என்பதும் அவருக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு அவள் வாசலில் வந்து நின்று கூப்பிடும்போது பிடரியில் விரல் வைக்க ஆள் இருக்காது. அதை நினைத்தபோதுதான் அவருக்கு அடக்க முடியாமல் போனது.

"வாப்பா, ஏன் கண் கலங்கியிரிக்கி? அழுறீங்களா?"

"இல்ல புள்ள" என்றார் அலியார். "இப்பதான் கோப்பி அரைச்ச. தூள் கண்ணுக்குள்ள போயிட்டு."

அவருக்குப் பின்னால் கோப்பி மெசின் சிவப்பு அரக்கு முத்திரையோடு நின்றது. அவள் அதைக் காணாதபடி அவர் கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டார்.